லாரிக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணி

ராத்திரியில் 'டொக்... டொக்...' என்று சத்தம் கேட்டால் மற்றவர்கள் கதவைச் சாத்துவார்கள். லாரிக்கு ஆயில் மாற்றும் தொழிலில் இருப்பவர்கள் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிவோம். கவுண்டரில் உட்கார்ந்து நட்டு போல்ட்டு விற்றுக் கண் பூத்தவர்கள் உங்களில் இருந்தால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். தாராவியில் எங்களுக்குக் கடை கீழே, வீடு மேலே. இருக்கிற ஒரே லாரியைக் கணவர் ஓட்டுகிறார். அவர் ரோட்டில் இருக்கும்போது கடை என் பொறுப்பு. பத்து மாதக் குழந்தை ஆயிஷாவும் என் பொறுப்பு. பயப்படுவதும் என் பொறுப்புதான்.

தகர டின் சத்தம்

அந்தச் சத்தத்தை முதன்முதலில் கேட்டபோது யாரோ ஷட்டரைத் தட்டுகிறார்கள் என்றே நினைத்தேன். கணவர் அசந்து தூங்கினார். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் சப்பாத்திக் கட்டையோடு படியிறங்கினால், தட்டியது எங்கள் லாரி. எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியிலிருந்து, கீழே கிடந்த தகர டின்னில் சொட்டிக்கொண்டிருந்தது. ஆயில் தீர்ந்தால் எஞ்சின் இறுகி நின்றுவிடும். காட் ரோடு என்கிற மலைப்பாதையில், இருட்டில், வளைவில் நின்றால்? என் தூக்கம் போனது அன்றைக்குத்தான்.

காலையில் எங்கள் மெக்கானிக் சேவியர் அண்ணன், தொட்டியின் துளையை அடைக்கும் பிளக்கைக் கழற்றினார். திருகு மரை தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. கணவர் அதன்மேல் குழாய் ரிப்பேர்காரர்கள் சுற்றும் வெள்ளை டேப்பைச் சுற்றிச் சமாளித்திருந்தார். சேவியர் அண்ணன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, ஆயிலைப் பிடிச்சு நிறுத்துனது டேப்புதான். பிளக்கு சும்மா தொணைக்கு நின்னுருக்கு."

இருபத்திரண்டு நம்பர்

கான்வென்டில் படித்த எனக்கு நம்பர் என்றால் நம்பர்தான். கடையில் உட்கார்ந்த புதிதில் ஒருவர் "இருபத்திரண்டு நம்பர் பிளக்" என்றார். மரையில் இருபத்திரண்டு மில்லிமீட்டர் இருப்பதைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். அவர் சொன்னதோ பிளக்கின் தலையைத் திருப்பும் பானாவின் நம்பர். பானா என்றால் இங்கே ஸ்பேனர். வாங்கிப் போனது துளைக்குள் நுழையவே இல்லை என்று திரும்பி வந்தார். அதன் பிறகு வாய்வழி நம்பர் எங்கள் கடையில் செல்லாது. பழைய பிளக்கைக் கொண்டு வர வேண்டும். கம்பியில் கோர்த்துத் தொங்கவிட்டிருக்கும் நட்டுகளில் அதைப் போட்டுப் பார்ப்பேன். எதில் விரலாலேயே கடைசி வரை ஓடுகிறதோ, அதுதான் அளவு.

உல்லாஸ்நகர் டிரைவர் செல்வம் இந்தச் சட்டத்தை மதித்து, சூடு ஆறாத பிளக்கைப் பேப்பரில் சுற்றிக் கொண்டு வந்தார். லாரி மாஹிம் பக்கம் ரோட்டோரம் நிற்கிறதாம். "ஆள் இல்லாமலா விட்டுட்டு வந்தீங்க? யாராவது ஓட்டிட்டுப் போயிட்டா?" என்று பதறினேன். அண்ணி என்பதை இந்தியில் பாபி என்றே கூப்பிடும் அவர் நிதானமாக டீயை உறிஞ்சினார்: "அரே பாபி, ஆயில் டப்பால இருக்கு, பிளக்கு என் கைல இருக்கு. எவன் ஓட்டுவான்?"

பாலடுப்பில் வாஷர்

பிளக்குக்கு அடியில் ஒரு செம்பு வாஷர் உண்டு. ஒருமுறை இறுக்கினால் அது கெட்டியாகிவிடும். மறுபடி போட்டால் கசியும். புதிதாகப் போடுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வத்துக்கு வேண்டிய அளவு கடையில் தீர்ந்துபோனது. சேவியர் அண்ணன் சொல்லித்தந்தபடி, பழையதை இடுக்கியில் பிடித்து, மாடியில் கேஸ் அடுப்பில் செக்கச்செவேலென்று காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். அப்படிச் செய்தால் செம்பு இளகிக்கொடுக்கும். பக்கத்து அடுப்பில் ஆயிஷாவின் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அவள் வீறிடுகிறாள், நானோ வாஷரை நகத்தால் அழுத்திப் பார்க்கிறேன். படிக்குக் கீழேயிருந்து செல்வத்தின் குரல் வந்தது: "மொதல்ல புள்ளைக்குக் குடுங்க பாபி. வாஷருக்குப் பசிக்காது."

கல்லா, கைப்பிடியா

பிளக்கைக் கழற்றும்போது கொதிக்கிற ஆயில் கணவரின் மணிக்கட்டில் ஊற்றிவிட்டது. ஒரு வாரம் அவரால் குழந்தையைத் தூக்க முடியவில்லை. அவளோ அவரைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். பிளக் வேண்டாம், வால்வு போடலாம் என்றேன். கைப்பிடியைத் திருப்பினால் ஆயில் இறங்கும். பானாவும் வேண்டாம், சூடும் படாது. சேவியர் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "பிளக்குன்னா ஒழுகுறது ஒண்ணுதான் பயம். வால்வு கீழ தொங்கும், கல்லு அடிக்கும். கைப்பிடி தன்னால திறந்துக்கும். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது."

ஆயிஷாவைச் சேவியர் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, ஸ்கேலோடு லாரிக்கு அடியில் படுத்தேன். வால்வு தொங்கும் இடத்தைவிட முன் ஆக்சில் நாலு விரல் இறங்கியிருந்தது. கல் வந்தால் முதலில் அதில்தான் படும். கைப்பிடி ஒரு சின்னப் பள்ளத்தில் உட்கார்ந்து மாட்டிக்கொள்ளும் வால்வாகத் தேர்ந்தெடுத்தேன். அதைத் தூக்கினால்தான் திரும்பும். அதன்மேல் ஒரு கிளிப்பும் மாட்டச் சொன்னேன். வால்வின் மரையை, பழைய பிளக்கின் அளவுக்குச் சரியான நட்டில் ஓட்டிப் பார்த்து, புது வாஷரோடு பூட்டினோம். கணவர் கோலாப்பூர் கிளம்பினார். ஏதாவது ஆனால் அது நான் பிடிவாதமாகப் போட்ட வால்வால்தான். லாரி திரும்பி மறையும் வரை நின்று அழுதேன். சேவியர் அண்ணன் குழந்தையை என்னிடம் கொடுத்தார்: "உன் கண்ணுக்கும் ஒண்ணு போட்டுரட்டுமா தங்கச்சி?"

இன்றைக்கு

அவர் ரோட்டில் இருக்கும்போது உள்தாழ்ப்பாள் போடுவதில்லை. எந்த நேரத்தில் வந்தாலும் தன் சாவியால் திறந்து வருவார். பூட்டை மட்டும் பூட்டி, கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்து, அதிலேயே உட்கார்ந்திருப்பேன். மூன்று இரவுகளாக அப்படித்தான். போன் வந்தபோது சாப்பிட்டாரா என்றுகூடக் கேட்கவில்லை, "அடில பாத்தீங்களா மச்சான்?" என்றுதான் கேட்டேன்.

இன்று ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் லாரி வந்து நின்றது. ஆயிஷாவின் துவைத்த வெள்ளை இடுப்புத் துணி ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். குனிந்து வால்வைத் துடைத்தேன். புழுதிதான் வந்தது, ஆயில் இல்லை. துணியைத் திருப்பி நேர் கீழே விரித்து வைத்துவிட்டு நிமிர்ந்தால், அவர் கதவில் சாய்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு நாள் கழிச்சு வந்திருக்கேன். ஒழுகுறேனான்னு என்னையும் ஒருவாட்டி துடைச்சுப் பாரேன்."

இப்போது அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி ஆயிஷா தூங்குகிறாள். நான் இன்னொருமுறை இறங்கிப் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. ஒழுகினால் சத்தம் கேட்டுத் தூக்கம் போகும், ஒழுகாவிட்டால் சத்தம் கேட்கவில்லையே என்று தூக்கம் போகும், இதுதான் எங்கள் தொழில் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, நாற்காலியை நகர்த்திவிட்டு உள்தாழ்ப்பாளைப் போட்டேன்.