கயிற்றை விட்டவர்

போன வருடம் மாம்பழ சீசன் தொடங்குவதற்கு முன்பு நடந்தது இது. பாப்பாரப்பட்டி போகிற வழியில் ஒரு மாம்பழக்கூழ் தொழிற்சாலை. இயந்திரங்களைக் குளிர்வித்துச் சூடாகிவரும் தண்ணீரை ஆற்றுவதற்குக் கூலிங் டவர் வைத்திருப்பார்கள். அங்கே பழைய டவருக்குப் பக்கத்தில் புதிதாக இன்னொன்றை நிறுத்தியிருந்தோம். இரண்டு தொட்டியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்க, அடியில் ஒரு பெரிய இரும்புக் குழாயால் இரண்டையும் இணைக்க வேண்டும். அதுதான் பாக்கி.

நான் ஃபிட்டர். குழாய் வாய்க்கும் தொட்டி வாய்க்கும் நடுவே ரப்பர் கேஸ்கெட்டை உட்காரவைத்து, பேஸ்ட் தடவி, போல்ட் முடுக்குவது என் வேலை. கேஸ்கெட் கொஞ்சம் கோணினாலும் ஒழுகும். அதனால் விரலை உள்ளே விட்டுத்தான் சரிபார்ப்பேன். குழாய் கப்பியில் தொங்கியது. கயிற்றைப் பிடித்திருந்தவர் எங்களோடு புதிதாகச் சேர்ந்தவர். ஒகேனக்கல் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், எங்களோடு நல்ல தமிழ். பழைய டவரின் விசிறி இரைச்சல் வேறு காதைப் பிளந்துகொண்டிருந்தது.

திடீரென்று குழாய் லேசாக இறங்கியது. என் வலது கை விரல்கள் இடுக்கில். பதறிப்போய், "புடி! புடி!" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே கயிற்றை விட்டுவிட்டார்.

அடுத்த நொடி பாய்ந்துவந்து, குழாய்க்கு அடியில் குனிந்து தோளைக் கொடுத்தார். ஏதோ முறியும் சத்தம். நான் கையை உருவிக்கொண்டேன். தோல் உரிந்ததோடு என் விரல்கள் தப்பின. அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் எங்கள் மேஸ்திரி கொதித்தார். "புடின்னு கத்தறான், இவன் வுட்டுட்டு நிக்கறான். இனிமே இந்தாளு வேலைக்கு வேணாம்ப்பா." எனக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. கேட்டுவிடுவது என்று உள்ளே போனேன்.

கட்டிலில் கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தார். அவர் மனைவி தலையைத் தடவியபடி, "புடி... புடி..." என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. "எதைங்க புடிக்கச் சொல்றீங்க?"

"புடிக்கறதில்லீங்க. எங்க வூட்டுக் கன்னடத்துல புடின்னா விட்டுடுங்கன்னு அர்த்தம். ஆனது ஆயிப்போச்சு, அழாதீங்க, விட்டுடுங்கன்னு சொல்றேன்."

அப்போதுதான் புரிந்தது. அந்த இரைச்சலில், அந்தப் பயத்தில், அவர் காது வீட்டுப் பேச்சுக்குப் போய்விட்டிருக்கிறது. அவர் கண்ணைத் திறந்தார்.

"நீங்க விடச் சொன்னீங்கன்னுதான் விட்டேங்க. அப்புறந்தான் உங்க வெரலு மாட்டியிருக்கறதப் பாத்தேன்."

வெளியே வந்து மேஸ்திரியிடம் சொன்னேன். "தோள் சரியானதும் வரச்சொல்லு" என்றார். இப்போது அவர் எங்களோடுதான் இருக்கிறார். கயிறு பிடிக்கிற இடத்தில் எங்களில் யாரும் 'புடி' என்று சொல்வதில்லை. 'இழு', 'நிறுத்து', அவ்வளவுதான்.

சோறு பிசையும்போது சில நாள் என் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். நான் சொன்னதைக் கேட்டுக் கயிற்றை விட்ட மனிதர், யாரும் சொல்லாமலே தோளைக் கொடுத்தார்.