விரிசல் விட்ட ரோடு

அப்பா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டினார். அந்த வாரம் முழுக்க மழை. எங்கள் லயத்து வீடுகளுக்குக் கீழே ரோட்டின் பள்ளத்துப் பக்கம் நீளமாக விரிசல் விட்டிருந்தது. காலையில் விரல் நுழைந்தது. மத்தியானம் கையே நுழைந்தது. அப்பாவும் லோரியும் கொழுந்து மூட்டைகளோடு விரிசலுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். பெக்டரி இந்தப் பக்கம். பறித்த கொழுந்து அன்றைக்கே போய்ச் சேராவிட்டால் மூட்டைக்குள்ளேயே வெந்து சிவந்துவிடும்.

முன்பு தோட்டத்து மேனேஜராக இருந்த துரை இப்படி ஒரு மழையில் வேலையை நிறுத்தினார். ரோடு விழவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதனாலேயே கோலாலம்பூர் ஆபீஸ் அவரை மாற்றிவிட்டது. மாலை போட்டு அனுப்பினோம்.

புது துரை நம் ஆள்தான். குடை பிடித்து விரிசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கும்போதெல்லாம் “யெஸ் சார்” என்றார்.

அம்மா துரையிடம் பேசி நான் பார்த்ததில்லை. அன்று முன்னால் போய் நின்றாள்.

“தொரை, மூட்டைய நாங்க தூக்கிட்டு வந்துடுறோம். லோரி அங்கயே கெடக்கட்டும்லா.”

“எல்லாத்தையும் தூக்கி முடிக்க இருட்டிடும்மா.”

“பழைய தொரையா இருந்தா விடமாட்டாரு.”

“அவரு இப்ப எங்க இருக்காரு?”

துரை குடையை என்னிடம் கொடுத்துவிட்டு நடந்துபோய், லோரியில் அப்பா பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அதற்குமேல் அப்பா எப்படி மாட்டேன் என்பார்.

லோரி மலையை ஒட்டியே வந்தது. கண்ணாடி உரசி மண் உதிர்ந்தது. பாதியில் பின் டயர் இறங்கி, பள்ளத்துப் பக்கம் சாய்ந்து நின்றது. அம்மாவின் நகம் என் தோளில் பதிந்தது. டயர் சேற்றை வாரி அடித்தது. பிறகு ஏறிவிட்டது.

பார்த்துக்கொண்டு நின்ற தோட்டத்து ஆட்கள் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். துரை இறங்கி, போனில் சிரித்துப் பேசினார். அவர் கால் நடுங்கியது. குளிர் என்று நினைத்தேன்.

அப்பா இறங்கவில்லை. அம்மா லோரிக் கதவைப் பிடித்துக்கொண்டு, “சேத்துலயே மாட்டிக்கிட்டு நின்னிருக்கக் கூடாதா?” என்று கேட்டாள். உயிரோடு வந்தவரை ஏன் திட்டுகிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது.

மறுநாளும் மழை. காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுத்த ஆபீஸ் கிராணி அப்பாவிடம் லோரிச் சாவியை நீட்டினார். அப்பா வாங்கத் தயங்கினார்.

“நேத்து போச்சுல்ல” என்றார் கிராணி.

அப்பா வாங்கிக்கொண்டார். பள்ளிக்கூட வேனில் நான் எல்லோரிடமும் சொன்னேன், இனிமேல் தினமும் அந்த ரோட்டில் எங்க அப்பாதான் போவார் என்று.