அண்ணன் திறந்தால் தம்பிக்குப் பூட்டு

டேட்டாபேஸ் புரோகிராம் எழுதித் தருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் புத்திமதி: விவரங்களை அடுக்க டேபிள் போடுவதற்கு முன், அந்த ஆபீசில் யார் யாரோடு பேசுவதில்லை என்று விசாரித்துக்கொள்ளுங்கள். விசாரிக்காமல் போய் நான் மாட்டிக்கொண்ட இடம் நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீஸ்.

முதலாளிகள் அண்ணனும் தம்பியும். ஒரே அறையில் முதுகுக்கு முதுகு காட்டி இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒவ்வொரு லாரிக்கும் ஒரு பக்கம் வைத்து, எஃப்சி தேதி, சர்வீஸ், டயர் எல்லாம் ஏற்றும்படி எழுதிக்கொடுத்தேன். ஒருவர் ஒரு லாரியின் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தால் மற்றவருக்கு அது பூட்டிக்கொள்ளும். 'வேறொருவர் திருத்துகிறார், காத்திருக்கவும்' என்று செய்தி வரும். படித்தபடி செய்த, சரியான ஏற்பாடு.

கொஞ்ச நாளில் தம்பி போன் செய்தார்.

"ஏனுங்க, உங்க புரோகிராம் தொறக்கவே மாட்டேங்குதுங்க."

"அண்ணன் தொறந்து வெச்சிருப்பாருங்க. மூடச் சொல்லுங்க."

"நீங்களே சொல்லுங்க."

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அண்ணனின் குரல் போனில் எனக்கே கேட்டது: "அதான் காத்திருக்கச் சொல்லுதில்லீங்க? காத்திருக்கச் சொல்லுங்க!"

நேரில் போனேன். மதியச் சாப்பாடு கொண்டுவந்த அண்ணனின் மனைவி என்னை வாசலிலேயே நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். ஒரு லாரிக்கு டயர் தேய்ந்துவிட்டது. பழைய டயர்மேல் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரேட் போதும் என்றார் அண்ணன். புதுசுதான் என்றார் தம்பி. அன்றோடு பேச்சு நின்றது. மாறி மாறி ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழித்தார். காலையில் முதலில் வந்து அந்தப் பக்கத்தைத் திறக்கிறவர் டீ குடிக்கக்கூட எழுவதில்லை. லாரி ஜாக்கியில் நின்றது.

"பங்கு பிரிச்சுக்கறதுன்னு பேச்சு வந்துருச்சுங்க சாமி. ஒரே ஊட்ல இருக்கறோம். எப்புடியாச்சும் சரி பண்ணிக் குடுங்க." கண் கலங்கிச் சொன்னார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

பூட்டை எடுத்துவிடுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் எடுக்கக்கூடாது. எடுத்தால் கடைசியாகச் சேமித்தவர் எழுதியதே நிற்கும். முன்னவர் எழுதியது சத்தமில்லாமல் அழியும். கோளாறு வந்தால் செய்தியை மறைக்காமல் காரணத்தைத் தேட வேண்டும், இது இரண்டாவது புத்திமதி. இங்கே காரணம் இரண்டு நாற்காலிகளில் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அவனக் கேளுங்க" என்றார் அண்ணன். "அவரக் கேளுங்க" என்றார் தம்பி. நடுவில் நின்று எனக்குக் கழுத்து வலித்தது, கோபமும் வந்தது. டயர் விவரத்தை மாற்ற வேண்டுமென்றால் ஒரே கம்ப்யூட்டர் முன் இருவரும் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாஸ்வேர்டை அடுத்தடுத்து அடித்தாக வேண்டும் என்று அங்கேயே மாற்றி எழுதினேன். மூன்றாவது புத்திமதி, கோபத்தில் புரோகிராம் எழுதாதீர்கள்.

நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடைவெளி விட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் அடித்தார். தம்பி அடித்தார். 'பாஸ்வேர்டு தவறு.' மறுபடி அடித்தார்கள். மறுபடியும் தவறு.

அண்ணன் திரும்பினார். "ஏன்டா, நீ சரியாத்தான் அடிச்சியா?"

சாப்பாட்டுக் கூடையை எடுக்க வந்த அவர் மனைவி கதவருகே அப்படியே நின்றுவிட்டார்.

"சரியாத்தான் அடிச்சனுங்ணா. இந்தாளு எழுதுனதுதான் அப்புடி."

"நா அன்னைக்கே நெனச்சன்டா. ஆளப் பாத்தாலே தெரியுதே!"

தப்பு எங்கே என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தம்பி அடிப்பதையும் அண்ணனின் பாஸ்வேர்டோடு ஒப்பிட்டு வைத்திருந்தேன். ஒரு வரியைத் திருத்தினால் போதும். கையை நீட்டினேன். கதவருகே நின்றவர் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். கையை மடக்கிக்கொண்டேன்.

"முன்னாடி வீலுக்குப் புதுசு போட்டுட்டு, பின்னாடி வீலுக்கு ரீட்ரேட் போட்டா முடிஞ்சுதுங்ணா. இதுக்கு எதுக்குங்ணா கம்ப்யூட்டரு?"

"அதத்தான்டா நானும் சொல்றேன். அதத் தூக்கிப் போட்டுட்டு போர்டுலயே சாக்பீஸ்ல எழுதிக்கலாம்."

இருவரும் சேர்ந்து எடுத்த முதல் முடிவு என்னை வெளியே அனுப்புவது. பங்கு பிரிக்கும் பேச்சு அத்தோடு போயிற்று, என் புரோகிராமும் போயிற்று. வண்டியை எடுக்கும்போது அண்ணனின் மனைவி ஓடிவந்து ஒரு பை நிறைய நாட்டுக்கோழி முட்டையைக் கொடுத்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"எருமப்பட்டில எந்தங்கச்சி ஊட்லயும் அண்ணந்தம்பி பேசிக்கறதில்லீங்க. அங்கயும் இந்தப் புரோகிராமப் போட்டுக் குடுங்க சாமி. எதையும் சரி பண்ணிராதீங்க, இப்புடியே குடுங்க."