அவள் காணாத பேய்க்கணவாய்

ஆழ்கடலுக்குள் இறக்கப்படும் கமெராக்கள் அனுப்பும் நேரடிக் காட்சிகளை, கோப்பாயில் எங்கள் வீட்டுக் கணினியில் நானும் மனைவியும் மாலைதோறும் பார்ப்பது வழக்கம். விலங்கியல் கற்பித்தவன் என்பதால் ஒவ்வோர் உயிரியின் குடும்பத்தையும் இனத்தையும் நான் சொல்வேன். அவள் அதைக் காதில் வாங்கமாட்டாள். தலையில் ஒளி ஏந்திய தூண்டில்மீனைக் கண்டதும், "விளக்கையும் பிடிச்சுக்கொண்டு ஆரைத் தேடுறா உவ?" என்றாள். கண்ணாடிபோல உடல் தெளிந்த ஒரு கடலட்டையைப் பார்த்து, "தின்னது முழுக்க வெளியிலை தெரியுது. வெக்கமில்லையோ?" என்று கேட்டு என்னையும் சிரிக்கவைத்தாள்.

அவள் இறந்து ஓராண்டாகி, ஆட்டைத்திவசமும் முடிந்தபின், சென்ற வாரம்தான் முதன்முறையாகத் தனியே பார்க்க அமர்ந்தேன். காதுகள் போன்ற இரு துடுப்புகளை அசைத்தபடி, எட்டுக் கைகள் கொண்ட வெளிறிய பேய்க்கணவாய் ஒன்று இருளிலிருந்து மெல்ல வந்தது. அதன் இனம் எனக்கு உடனே தெரிந்தது. அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பது மட்டும் எவ்வளவு முயன்றும் தெரியவில்லை.

கனடாவிலுள்ள மகளுக்குப் படத்தை அனுப்பி, அம்மா இதற்கு என்ன சொல்லியிருப்பா என்று கேட்டேன். மகள் உடனே தொலைபேசியில் அழைத்தாள்.

"'உவற்றை காதை ஆர் பிடிச்சு இழுத்தது?' எண்டு கேட்டிருப்பா, அப்பா."

"ஓம் பிள்ளை, அப்பிடித்தான் கேட்டிருப்பா."

நல்ல பகிடிதான். ஆனால் என் மனைவி அப்படிக் கேட்டிருக்கமாட்டாள். அதை மகளிடம் சொல்லாமல், அவளோடு சேர்ந்து சிரித்துவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.