அம்மாவின் தோளிலிருந்த கை

என் மாமா தொட்டால் ஆள் காணாமல் போய்விடும் என்று ஒன்பது வயதில் நான் நம்பினேன். நம்ப வைத்தவரும் அவர்தான். அம்மாவின் தம்பி. வார நாட்களில் செனாயில் தொழிற்சாலை வேலை, வார இறுதியானால் கேமரா. கல்யாண ஜோடி, பட்டம் வாங்கிய பிள்ளைகள் என்று யாரையாவது ஏரிக்கரைக்கோ தோட்டத்துப் பக்கமோ இழுத்துக்கொண்டு போவார். நாலு சுவருக்குள் எடுக்கிற படமெல்லாம் அடையாள அட்டைக்குத்தான் லாயக்கு என்பது அவர் கட்சி.

வெளியே எடுப்பதற்கென்று அவரிடம் ஏகப்பட்ட சட்டங்கள் இருந்தன. உச்சி வெயிலில் எடுத்தால் கண் இருக்கிற இடத்தில் இரண்டு பள்ளம்தான் விழும். ஆளை நிழலில் நிறுத்த வேண்டும், ஆனால் நிழலின் ஓரத்தில், முகம் வெளிச்சத்தைப் பார்த்தபடி. பின்னால் நிற்கிற மரம் தலையிலிருந்து முளைத்த மாதிரி தெரியக் கூடாது. பிறகு மடிக்கணினியில் திருத்தும்போது பருவை எடுக்கலாம், மச்சத்தில் கை வைக்கக் கூடாது. முகத்தை ரொட்டி சானாய் மாவு மாதிரி வழவழவென்று ஆக்கிவிட்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்பார். மற்றவர்கள் எடுத்த படம் எதுவும் அவர் வாய்க்குத் தப்பியதில்லை. வாய்க்கொழுப்பு எங்கள் குடும்பத்துக்கே கொஞ்சம் ஜாஸ்திதான்.

அம்மாவுக்கோ கேமராவைக் கண்டாலே ஆகாது. தீபாவளிப் படங்களில் அம்மா பாதி முதுகாக இருப்பார், இல்லையென்றால் முகத்தை மறைத்து நீட்டிய உள்ளங்கையாக இருப்பார். அப்படிப்பட்டவர் தானே மாமாவுக்குப் போன் செய்து, தன்னை நல்லபடியாக ஒரு படம் எடுத்துக் கொடுக்கும்படி கேட்டது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. அந்தச் சமயத்தில் அம்மா அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்துகொண்டிருந்தார். கேஸ்ட்ரிக் என்று சொல்லியிருந்தார்கள். கேஸ்ட்ரிக் யாருக்குத்தான் இல்லை என்று நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்தில், அம்மா பிறந்து வளர்ந்த தோட்டத்துக்கு எல்லாரும் போனோம். செம்பனை மரங்களுக்கு நடுவே வெயில் சாய்ந்து இறங்கியிருந்தது. அம்மா கத்தரிப்பூ நிறச் சேலையில் இருந்தார். மாமா அவரை ஒரு மரத்து நிழலின் ஓரத்தில் நிறுத்தி, முகவாயைக் கொஞ்சம் இறக்கச் சொல்லிவிட்டு, எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

அப்பா தள்ளி நிற்கவில்லை. குரல் உயர்த்தாத மனிதர் அவர். சிங்கப்பூரில் வேலை, தினம் மோட்டாரில் எல்லைப் பாலத்தைக் கடந்து போய்வந்த களைப்பிலேயே பாதிப் பேச்சு கரைந்துவிடும். அன்று மட்டும் கறாராகச் சொன்னார்.

"தனியா எடுக்க வேணாம்."

சொல்லிவிட்டு அம்மாவின் பக்கத்தில் போய் நின்று, என்னையும் கூப்பிட்டு, அம்மாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். அம்மா மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். பிறகு படம் எடுத்தார். அப்பாவுக்குப் படத்தில் நிற்க இவ்வளவு ஆசையா என்று வழியெல்லாம் நான் கேலி செய்துகொண்டே வந்தேன். அப்பா காடி ஓட்டுவதிலேயே கண்ணாக இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் மாமா மடிக்கணினியைத் திறந்தார். எனக்கு அது பெரிய வேடிக்கை. வானத்தில் ஓடிய மின்கம்பி போனது. புல்லில் கிடந்த பிளாஸ்டிக் பை போனது. தூரத்தில் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன ஒரு தொழிலாளி, மாமா சுற்றிலும் இருந்த புல்லின் பச்சையை எடுத்து அவர்மேல் தடவத் தடவ, கால், முதுகு, தலை என்று வரிசையாகக் காணாமல் போனார். அவர் எங்கே போனார் என்று கேட்டேன்.

"போயிட்டாரு லா. மாமா தொட்டா அவ்வளவுதான், ஆளு திரும்பி வராது."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். நானும் சிரித்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா மாமாவின் அருகில் உட்கார்ந்திருந்தார். திரையில் அப்பாவைக் காணோம். அப்பா நின்ற இடத்தில் செம்பனை மட்டைகள் இருந்தன. அம்மாவின் தோளில் அப்பாவின் கை மட்டும், மணிக்கட்டோடு வெட்டுப்பட்டதுபோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையையும் எடுத்துவிடு என்று அம்மா மெதுவாகச் சொன்னார். மாமா விரல் விரலாக அழித்தார்.

என்னையும் அழித்திருந்தார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. வாசலில் காடி கழுவிக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடினேன். அப்பா முழுசாக, ஈரக் காலோடு நின்றிருந்தார். நாளைக்கு வேலைக்குப் போகாதீங்க என்று கெஞ்சினேன். நான் போகவில்லையென்றால் முதலாளி உன்னையா கூப்பிடுவார் என்று சிரித்தார். எதற்கு என்று நான் சொல்லவில்லை. வாயால் சொன்னால் அப்படியே நடந்துவிடும் என்ற பயம் வேறு.

திங்கட்கிழமை பள்ளியில் என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மனம் முழுக்கப் பாலத்தில் இருந்தது. ஆயிரக்கணக்கில் மோட்டார்கள் முட்டிமோதிப் போகும் அந்தப் பாதையில் அப்பாவை மட்டும் ஒரு பச்சை நிறம் வந்து தடவிவிடும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அப்பா வழக்கமாக வரும் நேரம் தாண்டிவிட்டது. அம்மா போன் செய்தார், கிடைக்கவில்லை. மறுபடியும் செய்தார், கிடைக்கவில்லை. வேலை முடிந்து வந்த மாமா, மழையில்லையா, ஜாமாக இருக்கும் என்றார். சொன்னவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து அவர் முன்னால் போய் நின்றேன். அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"மாமா, அப்பாவத் திரும்பப் போடுங்க."

மாமாவுக்குப் புரியவில்லை. நீங்கள் அழித்ததால்தான் அப்பா வரவில்லை என்று கதறினேன். கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. முகம் வெளிறிப்போய் மடிக்கணினியைத் திறந்து, முதலில் எடுத்த படத்தை எடுத்துக் காட்டினார். அப்பா இருந்தார். கை இருந்தது. நான்கூட இருந்தேன், கண்ணை மூடிக்கொண்டு. இதை யாரும் தொடவில்லை, அழித்ததெல்லாம் வேறு பிரதியில்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் அழுது முடிப்பதற்குள் வாசலில் மோட்டார் சத்தம் கேட்டது. அப்பா சொட்டச் சொட்ட நின்றார். பாலத்தில் யாரோ விழுந்துவிட்டார்களாம், அசைய முடியாத ஜாம், போனில் பேட்டரி இல்லை. அந்த ஈர மழைக்கோட்டை நான் கட்டிக்கொண்டு விடவே மாட்டேன் என்றேன். அப்பாவைத் திரும்பக் கொண்டுவந்தது நான்தான் என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

சாப்பிட உட்கார்ந்ததும் மாமாவுக்கு உத்தரவு போட்டேன்: அந்த இன்னொரு படத்தை இப்போதே தூக்கிப் போடுங்கள். அம்மா வேண்டாம் என்றார்.

"அது மட்டும் இருக்கட்டும்மா. நீ பாக்கறதுக்குத்தான்."

"உங்களப் பாக்க எனக்குப் படம் எதுக்கு? நீங்கதான் இங்கயே இருக்கீங்களே."

அப்பா தட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போனார். நெடுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மாமா மடிக்கணினியை மூடினார். அம்மா மட்டும் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

எங்கள் ஆட்களில் யாராவது இறந்துபோனால் அதற்குப் பிறகுதான் படத்துக்கு அலைவார்கள். தனிப்படம் இருக்காது. ஏதாவது கல்யாணக் கூட்டத்திலிருந்து முகத்தை வெட்டியெடுத்துப் பெரிதாக்கி, கலங்கிப்போன அந்த முகத்துக்கு மாலை போடுவார்கள். அம்மா அப்படித் தொங்க விரும்பவில்லை. அந்தத் தனிப்படம் எதற்கென்று அப்பாவுக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் போய்ப் பக்கத்தில் நின்றார். அடுத்த ஆண்டு அந்தப் படம் கூடத்தில் ஏறியபோது, வந்தவர்கள் எல்லாரும் எவ்வளவு நல்ல படம் என்றார்கள். வெளிச்சம் சரியாக இருந்தது. மச்சம் இருந்தது. தோளில் எதுவும் இல்லை.

இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அன்றிரவு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார், கதவு பூட்டியாயிற்று, இனி யாரும் எங்கும் போகப்போவதில்லை என்ற நிம்மதியில், அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்தபடி தூங்கிப்போனேன்.