கூண்டுக்காரரின் வலது கை

அவர் கூண்டை நிறுத்தினால் நிறுத்தியதே தெரியாது. ஆயிரம் அடி இறங்கிய பிறகும் இன்னும் மேலேதான் நிற்கிறோம் என்று நினைத்து, ஒரு தொழிலாளி அரை நாள் கூண்டுக்குள்ளேயே காத்திருந்தாராம். சரி, அரை நாள் என்பது கொஞ்சம் தாராளம்தான். ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

நிலக்கரிச் சுரங்கத்துக்குள் ஆட்களை ஏற்றி இறக்குவது கூண்டுக்காரரின் வேலை. கூண்டு ஓரிடம், அவர் உட்கார்ந்திருக்கும் எந்திர அறை வேறிடம். கண்ணுக்குக் கூண்டு தெரியாது. காதுக்கு மணிதான் கேட்கும். இரண்டு மணி என்றால் இறக்கு, மூன்று என்றால் ஏற்று, ஒன்று என்றால் நில். ஒற்றை மணி கேட்ட மாத்திரத்தில் வலது கை பிரேக்கை இழுத்துவிடும். முப்பத்தோரு வருடத்தில் அந்தக் கை அவர் பேச்சைக் கேட்பதை விட்டுவிட்டு, மணியின் பேச்சை மட்டும் கேட்கத் தொடங்கியிருந்தது. தெருவில் சைக்கிள் மணி அடித்தாலும் காற்றில் ஒரு இழுப்பு. ஒருமுறை பக்கத்தில் நின்ற தபால்காரரின் சட்டைப் பை கையோடு வந்துவிட்டது.

ஊரையே உள்ளே இறக்கியவர் தாம் ஒருமுறைகூட இறங்கியதில்லை. அவர் கூண்டில் ஏறினால் எந்திரத்தை ஓட்ட இருந்தது ஒரே ஆள், அடுத்த ஷிப்டுக்கு வரும் அவர் மனைவியின் தம்பி. அவன் நிறுத்தினால் பல் ஆடும் என்பது கூண்டுக்காரரின் கட்சி. அவனுக்குத் 'தடால்' என்று பெயர் வைத்ததும் அவர்தான். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது, அவன் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் 'தடால் மகள்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

கரி தீர்ந்துவிட்டது, மாதக் கடைசியில் சுரங்கத்தை மூடுகிறோம் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். ஊரில் ஒரு வாரம் அழுதார்கள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஆளுக்கொரு வேலை தேடினார்கள். வெடி வைப்பவர் மளிகைக்கடை போடப் போவதாகச் சொன்னபோது, தீப்பெட்டி மட்டும் விற்காதே என்று ஊரே கேட்டுக்கொண்டது. தடாலுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் அவன் கை பதமான கை என்று கூண்டுக்காரர் கடிதம் கொடுத்தால்தான் எடுத்துக்கொள்வார்களாம்.

நாற்பது வயது ஆள் அக்காள் புருஷன் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அத்தான், ரெண்டே ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

"பொய் எழுத எனக்குக் கை வராதுடா."

விளக்கறையில் தொழிலாளர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுத்துவந்த மனைவி, அன்றிலிருந்து அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மனிதர் வழிக்கு வந்தார். கடைசி நாளன்று தாமே கூண்டில் இறங்குவதாகவும், கையில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய டம்ளர் இருக்கும் என்றும், சொட்டு சிந்தாமல் இறக்கிவிட்டால் அங்கேயே கடிதம் எழுதுவதாகவும் சொன்னார். தடாலுக்கு அன்றிரவே காய்ச்சல் வந்துவிட்டது.

கடைசி நாள் எல்லாரும் துவைத்த சட்டையில் வந்திருந்தார்கள். கரி ஒட்டாத முகங்களைப் பார்த்து யார் எவர் என்று அடையாளம் தெரியாமல் அரைமணி நேரம் ஒரே சிரிப்பு. கூண்டில் கூண்டுக்காரர், மனைவி, புது வெள்ளைச் சட்டையில் மேலாளர், இன்னும் நான்கு பேர். இரண்டு மணி அடித்தது. ஈரச் சுவர் மேல்நோக்கி ஓடத் தொடங்கியதும் கூண்டுக்காரர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே வந்தார். இத்தனை வருடமாகக் கயிற்றின் நுனியில் இவ்வளவு பெரிய இருட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தோமா என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அடியில் ஒற்றை மணி அடித்தது. டம்ளர் தண்ணீர் மொத்தமும் மேலாளரின் சட்டையில்.

சுவரில் இருந்த தொலைபேசி அலறியது. மேலேயிருந்து தடாலின் குரல். "அத்தான், சிந்துச்சா?"

கூண்டுக்காரர் காலி டம்ளரைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"சிந்துச்சுடா. உன் தப்பில்லை. மணி கேட்டதும் பழக்க தோஷத்துல என் வலது கை டம்ளரோட இழுத்துடுச்சு. கூண்டு என்னமோ பஞ்சு மேல உக்காந்த மாதிரிதான் நின்னுச்சு."

கூண்டிலிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது சட்டையைப் பிழிந்துகொண்டிருந்த மேலாளர். பிறகு சுரங்கமே சிரித்தது. கவிழ்த்துப் போட்ட கரித்தொட்டியை மேசையாக்கிக் கூண்டுக்காரர் அங்கேயே கடிதம் எழுதினார். இரண்டு வரி கேட்டவனுக்கு ஒன்றரைப் பக்கம். ஓரத்தில் கருப்பாக அவர் பெருவிரல் பதிந்திருந்தது. இப்போது தடால் துறைமுகத்தில் கண்ணாடிப் பெட்டிகளை இறக்குகிறான். முட்டைக் கூடைகளைக்கூட அவனை நம்பித்தான் விடுகிறார்கள்.

இதுவரை எழுதியதைக் கூண்டுக்காரர் வீட்டில் வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த கூண்டுக்காரரின் மனைவி தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"எல்லாம் சரி. டம்ளர் இருந்தது அவரோட இடது கையில. கூண்டு குலுங்கின குலுக்கலுக்குக் கீழ விழாம இருக்க, வலது கையால என் தோளைப் பிடிச்சிட்டிருந்தாரு."