புகையறையில் சொன்ன பொய்

மைரே எஸ்டோனியாவின் தலைநகரான தாலினில் வழிகாட்டி. நகரத்துப் பெண்களைத் தெற்கே வொருமா கிராமங்களுக்கு அழைத்துப்போவாள். அது தான் பிறந்த பக்கம் என்று யாரிடமும் சொன்னதில்லை.

அன்று வழக்கமான பண்ணை மூடியிருந்தது. சுற்றுலா நிறுவனம் மாற்றி அனுப்பிய இடம் அவளுடைய அக்கா விர்வேயின் வீடாக இருந்தது. காலையிலிருந்து விறகெரித்துக் கற்களைக் காயவைத்து, புகைபோக்கி இல்லாத புகைக் குளியலறையைச் சூடேற்றியிருந்த விர்வேக்கு முழங்கை வரை கரி. அவள் தங்கையைப் பார்த்துச் சிரித்தாள். மைரே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புகை வெளியேறியதும் எல்லோரும் உள்ளே போய்க் கரிபிடித்த பலகையில் உட்கார்ந்தார்கள். அந்த அறைக்குள் சண்டை போடக்கூடாது, பொய் சொல்லக்கூடாது. அங்கே குழந்தைக்கும் இது தெரியும்.

"இவங்க உங்களுக்குச் சொந்தமா? ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு!" என்றாள் ஒருத்தி.

"ஐயோ, இல்லைங்க. இன்னைக்குத்தான் பாக்குறேன்," என்றாள் மைரே.

ஆவி எழும்பச் சூடான கற்களின் மேல் நீர் ஊற்றிக்கொண்டிருந்த விர்வேயின் கை நின்றது. பிறகு, "ஆமாம்மா, மேடத்த நானும் இப்பத்தான் பாக்குறேன்," என்றாள்.

குளித்து முடித்ததும், சூடேற்றியவளுக்கு ஒவ்வொருத்தியும் நன்றி சொன்னாள். கடைசியாக வந்த மைரேயின் காது சிவந்திருந்தது.

"நன்றிக்கா," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உள்ளயே சொல்லியிருக்கலாம்லடி," என்றாள் விர்வே. "இத்தன வருசத்துல அந்த ரூமுக்குள்ள நான் பொய் சொன்னதே இல்ல."